மரபணு மாற்றப்பட்ட நுளம்புகளும் கொழும்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்மேற்குப் பருவமழை தொடங்கிச் சில வாரங்களுக்குள் கொழும்பு வைத்தியசாலைகளின் விடுதிகள் டெங்கு நோயாளரால் நிரம்புவது ஆண்டுதோறும் நாம் காண்பதுதான். அதே வாரங்களில், ஆய்வகத்தில் உருவாக்கிய நுளம்பை விட்டு நுளம்பை ஒழிக்கப் போகிறார்களாம் என்ற பேச்சும் வெள்ளவத்தையிலிருந்து மட்டக்குளி வரை உலவத் தொடங்குகிறது. அந்தப் பேச்சில் பாதி அச்சமாகவும் மீதி அளவுகடந்த நம்பிக்கையாகவும் இருப்பதால், அதில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இங்கே ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

மரபணு மாற்றப்பட்ட பூச்சி என்றால் என்ன?

ஒரு பூச்சி இட்ட முட்டைக்குள், அது கருவாக வளரத் தொடங்கும் முதல் மணித்தியாலங்களில், மிக நுண்ணிய ஊசி கொண்டு வேறொரு டி.என்.ஏ. துண்டைச் செலுத்துகிறார்கள். அத்துண்டு அப்பூச்சியின் நிறமூர்த்தத்தில் நிலைத்து, அதன் குஞ்சுகளுக்கும் கடத்தப்படுமானால் அதுவே மரபணு மாற்றப்பட்ட பூச்சி. இவ்வாறு மாற்றுவதன் நோக்கம் இரண்டு வகைப்படும். ஒன்று, அந்த இனத்தின் எண்ணிக்கையைக் குறைப்பது. மற்றையது, எண்ணிக்கையைத் தொடாமல் அந்தப் பூச்சியால் நோயைச் சுமக்க முடியாதபடி செய்வது. இரண்டாம் வகையில் இலங்கை ஆய்வாளர்களுக்கும் பங்குண்டு. டெங்கு வைரஸ் பெருக இடம்கொடாத ஈடிஸ் நுளம்பை உருவாக்கும் ஆய்வை களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆய்வக மட்டத்தில் செய்து முடிவுகளை வெளியிட்டிருக்கிறார்கள். உலகில் இதுவரை பெருந்தொகையாகத் திறந்த வெளியில் விடப்பட்டவை முதல் வகையைச் சேர்ந்தவையே.

அது எப்படி நுளம்புகளைக் குறைக்கிறது?

இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் லூக் ஆல்ஃபி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் உருவாக்கி, 2002 இல் தொடங்கப்பட்ட ஒக்ஸிடெக் நிறுவனத்தின் மூலம் வெளியே வந்த முறையே இதில் அதிகம் பரீட்சிக்கப்பட்டது. நுளம்புக்குள் செருகப்படும் மரபணு ஒரு புரதத்தைத் தயாரிக்கிறது. அந்தப் புரதம் தன்னையே மேலும் மேலும் தயாரிக்கத் தூண்டுவதால், கலத்தின் ஏனைய வேலைகள் முடங்கி, குடம்பி வளர்ந்து பறக்கும் நிலைக்கு வருமுன் இறந்துவிடுகிறது. அப்படியானால் ஆய்வகத்தில் மட்டும் எப்படி வளர்க்கிறார்கள் என்ற கேள்வி எழும். டெட்ராசைக்ளின் என்ற, நாம் மருந்தாகவும் அறிந்த நுண்ணுயிர்க்கொல்லி அந்தப் புரதத்தின் செயலைத் தடுத்துவிடும் என்பதால், குடம்பிகள் வளரும் நீரில் அதைக் கலந்து வளர்க்கிறார்கள். வெளியே விடப்பட்ட ஆண் நுளம்பு காட்டுப் பெண் நுளம்புடன், அதாவது சூழலில் இயல்பாக வாழும் பெண்ணுடன், கூடும்போது பிறக்கும் குடம்பிகளுக்கு மழைநீர்ச் சிரட்டையில் அந்த மருந்து கிடைப்பதில்லை.

ஓ.எக்ஸ்.513ஏ என்ற முதல் வகையில் ஆண், பெண் இரண்டும் இறந்தன. ஆனால் விடுவதற்கு முன் ஆண்களைத் தனியே பிரிக்க வேண்டியிருந்தது. பெண்ணின் கூட்டுப்புழு ஆணினதை விடப் பருமனானது என்பதால் அளவை வைத்துப் பிரித்தார்கள். எனினும் சிறு தொகைப் பெண்கள் தப்பி வெளியே போகவே செய்தன. பின்னர் வந்த ஓ.எக்ஸ்.5034 என்ற வகையில் பெண் குடம்பி மட்டும் இறக்கும். ஆண் உயிர்பிழைத்து, தன் பிள்ளைகளில் பாதிக்கு அந்த மரபணுவைக் கொடுக்கும். இதனால் பிரிக்கும் வேலையே இல்லாமற் போயிற்று. முட்டைகளை ஒரு பெட்டியில் இட்டு நீரை ஊற்றி வைத்தால், சில நாட்களில் பெட்டியிலிருந்து ஆண்கள் மட்டும் பறந்து வெளியேறும். தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகக் குறைந்து சில தலைமுறைகளில் மரபணு மறைந்துவிடும் என்பதால், விடுவதை நிறுத்தினால் விளைவும் நின்றுவிடும். இந்த முறையைப் பற்றி ஒருவர் ஒன்றை மட்டுமே நினைவில் வைத்திருக்க முடியுமானால், இந்தக் கடைசி வாக்கியத்தை வைத்துக்கொள்ளலாம். ஆதரிப்போரும் எதிர்ப்போரும் அதிகம் மறப்பது அதைத்தான்.

கதிர்வீச்சால் மலடாக்கும் பழைய முறையிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது?

கருத்து ஒன்றேதான். பெண் பூச்சிக்குப் பயனற்ற துணையைக் கொடுத்து அடுத்த தலைமுறையைக் குறைப்பதை அமெரிக்கப் பூச்சியியலாளர் எட்வர்ட் நிப்ளிங் 1930களிலேயே எண்ணிப் பார்த்தார். கால்நடைகளின் புண்ணில் முட்டையிட்டு உயிருள்ள சதையையே தின்னும் ஒருவகை ஈதான் அவருடைய இலக்கு. கரீபியனிலுள்ள குராசோ தீவில் 1954 இல் கதிர்வீச்சால் மலடாக்கிய ஈக்களை விமானத்திலிருந்து விட்டு, அந்த ஈயைத் தீவிலிருந்து சில மாதங்களில் அகற்றினார்கள். பின்னர் அமெரிக்கா, மெக்சிகோ, மத்திய அமெரிக்க நாடுகள் என்று தெற்கு நோக்கித் தள்ளிக்கொண்டே போய், 2006 அளவில் பனாமாவின் டேரியன் காட்டோரத்தில் ஒரு தடுப்பு வலயத்தை நிலைநிறுத்தினார்கள். லிபியாவுக்குள் 1988 இல் அந்த ஈ நுழைந்தபோது மெக்சிகோவில் வளர்த்த மலட்டு ஈக்களைக் கொண்டுபோய்த்தான் ஒழித்தார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபாரிலுள்ள உங்குஜா தீவில் கால்நடைகளுக்கு நோயைக் கடத்தும் ட்செட்சே ஈயும், ஜப்பானின் ஒக்கினாவாத் தீவுகளில் பாகல், பூசணி வகைகளைக் கெடுக்கும் பழ ஈயும் இதே வழியில் 1990களில் இல்லாமற் செய்யப்பட்டன.

ஆயினும் அந்த வரலாற்றின் பின்பகுதியையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பனாமாத் தடுப்பு வலயம் 2023 முதல் உடைந்து, 2024 நவம்பரில் அந்த ஈ மீண்டும் மெக்சிகோவில் கண்டுபிடிக்கப்பட்டது. பல தசாப்தங்களாக வென்ற இடம், காவல் தளர்ந்ததும் இரண்டு ஆண்டுகளுக்குள் கைவிட்டுப் போயிற்று.

கதிர்வீச்சு ஈக்குப் பொருந்திய அளவுக்கு நுளம்புக்குப் பொருந்துவதில்லை. மலடாக்கத் தேவையான அளவு கதிர் பட்டால் மெல்லிய உடலுடைய ஆண் நுளம்பு தளர்ந்து, காட்டு ஆண்களுடன் போட்டியிட்டுத் துணை தேட முடியாமற் போகலாம். மரபணு முறையின் முக்கிய வாதம், ஆணின் உடல்வலுவைக் குறைக்காமல் அதே பயனைப் பெறலாம் என்பதுதான். கம்பகா மாவட்டத்தில் களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கதிர்வீச்சு முறையையே சிறிய அளவில் களத்தில் ஆராய்ந்துள்ளார்கள். அது மரபணு மாற்றம் அன்று.

நுகேகொடையில் விடப்பட்டவை மரபணு மாற்றப்பட்ட நுளம்புகளா?

இல்லை. கொழும்பில் இந்த விடயத்தில் மிக அதிகமான குழப்பம் இங்கேதான். நுகேகொடையிலும் கொழும்பு மாநகரின் ஒரு பகுதியிலும் 2020 ஆம் ஆண்டளவில் விடப்பட்டவை வொல்பாக்கியா என்ற பக்டீரியாவைச் சுமந்த ஈடிஸ் நுளம்புகள். பழ ஈ, வண்ணத்துப்பூச்சி என்று எத்தனையோ பூச்சிகளின் கலங்களுக்குள் இயல்பாகவே வாழும் இந்தப் பக்டீரியா, ஈடிஸ் எஜிப்டி நுளம்பில் இயல்பாக இருப்பதில்லை. அதை அந்நுளம்பின் முட்டைக்குள் செலுத்தி நிலைக்கச் செய்தால், நுளம்பின் உடலில் டெங்கு வைரஸ் பெருகுவது தடைப்படுகிறது. தாயிடமிருந்து முட்டைக்குப் பரவுவதால் பக்டீரியா அந்த இடத்து நுளம்புகளில் தானாகவே நிலைகொள்கிறது. நுளம்பின் மரபணு தொடப்படுவதில்லை.

ஆகவே இரண்டும் நேர்மாறான பாதைகள். வொல்பாக்கியா முறை நுளம்பை வைத்துக்கொண்டு நோயைக் குறைக்கிறது; ஒக்ஸிடெக் முறை நுளம்பையே குறைக்கிறது. சிங்கப்பூரில் 2016 முதல் செய்வது மூன்றாவது ஒன்று. அங்கே வொல்பாக்கியா கொண்ட ஆண்களை மட்டும் விடுகிறார்கள். அவற்றுடன் கூடும் காட்டுப் பெண்ணின் முட்டை பொரிப்பதில்லை. அதிலும் மரபணு மாற்றம் கிடையாது. இலங்கையில் மரபணு மாற்றப்பட்ட நுளம்பு இதுவரை திறந்த வெளியில் விடப்பட்டதில்லை.

விடப்படும் நுளம்பு கடிக்குமா?

ஆண் நுளம்பு கடிக்காது. பூந்தேன் போன்ற இனிப்பு நீர்மமே அதன் உணவு. பழைய வகையில் தப்பிப்போன சில பெண்கள் கடித்திருக்கக்கூடும். அப்படிக் கடித்தாலும் நுளம்பின் மரபணு மனித உடலில் சேர்வதற்கு வழியில்லை; கோழி இறைச்சி தின்றவருக்குச் சிறகு முளைக்காதது எதனாலோ அதனால்தான்.

எங்கெங்கே விட்டார்கள், என்ன கிடைத்தது?

கரீபியனின் கேமன் தீவுகளில் 2009 இலும் 2010 இலும் முதன்முதலாக விட்டார்கள். 2010 இல் மட்டும் ஏறத்தாழ 33 இலட்சம் ஆண்கள் விடப்பட்டு, அந்தப் பகுதியின் ஈடிஸ் எண்ணிக்கை ஒப்பீட்டுப் பகுதியை விட ஏறக்குறைய 80 சதவீதம் குறைந்ததாக முடிவு வெளியாகியது. மலேசியாவின் பகாங் மாநிலத்தில் பெந்தோங் அருகே, ஆளில்லாக் காட்டுப்புறத்தில் 2010 டிசம்பரில் சுமார் 6,000 ஆண்களை விட்டுப் பார்த்தது, எவ்வளவு தூரம் பறக்கும், எத்தனை நாள் வாழும் என்று அளப்பதற்கு மட்டுமே. பிரேசிலின் பஹியா மாநிலத்தில் ஜுவாசெய்ரோவின் புறநகர் ஒன்றில் 2011 இல் தொடங்கிய சோதனையில், பொறிகளில் அகப்பட்ட நுளம்புகளை வைத்துக் கணித்தபோது 95 சதவீத வீழ்ச்சி பதிவானது. புதிய ஓ.எக்ஸ்.5034 வகை பிரேசிலின் இந்தையாதுபா நகரில் பரீட்சிக்கப்பட்டு, நுளம்பு பெருகும் காலத்தில் 96 சதவீதம் வரை குறைத்தது. அமெரிக்காவின் புளோரிடா கீஸ் தீவுகளில் 2021 இல் அதே வகை விடப்பட்டது.

நுளம்பு 95 சதவீதம் குறைந்தால் டெங்கும் 95 சதவீதம் குறையுமா?

அப்படிக் கணக்கிட முடியாது. மேலே சொன்ன எண்கள் அனைத்தும் நுளம்பின் எண்கள், நோயாளரின் எண்கள் அல்ல. ஈடிஸ் நுளம்பு ஒரே வேளை உணவுக்குப் பலரைக் கடிக்கும் பழக்கமுடையது. மிகக் குறைந்த எண்ணிக்கையில் இருந்தாலும் நோயைக் கடத்த வல்லது. அதற்கு மேல், ஒரு பகுதியில் வைரஸுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லாதோர் எத்தனை பேர், எந்த வகை வைரஸ் உலவுகிறது என்பவையும் நோயின் போக்கைத் தீர்மானிக்கின்றன.

இதற்கு வொல்பாக்கியாவின் கதையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நகரைப் பகுதிகளாகப் பிரித்து, குலுக்கல் முறையில் சிலவற்றில் மட்டும் வொல்பாக்கியா நுளம்புகளை விட்டு, நோயாளரையே எண்ணினார்கள். 2021 இல் வெளியான அந்த முடிவின்படி டெங்கு 77 சதவீதமும், டெங்கால் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவோர் 86 சதவீதமும் குறைந்தனர். மரபணு மாற்றப்பட்ட நுளம்புக்கு அதே தரத்திலான நோய்ச் சான்று இல்லை. இது அந்த முறை தோற்றதென்று பொருளாகாது. ஆனால் கொழும்பு மாநகர சபைக்கு ஒருவர் இதை முன்மொழிந்தால், நுளம்புப் பொறியின் வரைபடத்தைக் காட்டி அமர்ந்துவிட இடங்கொடுக்கக்கூடாது என்பது என் துணிபு.

கொழும்புக்கு இது பொருந்துமா?

தேவை இருக்கிறது என்பதில் ஐயமில்லை. இலங்கையில் 2017 ஆம் ஆண்டு 186,101 பேர் டெங்கு நோயாளராகப் பதிவாகி, 400 க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேல் மாகாணமே அதிகம் அல்லற்பட்டது. மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து குப்பை அகற்றல் தாறுமாறான ஆண்டும் அதுதான். பைரித்ரொயிட் வகை நாசினிகளுக்கு இங்குள்ள ஈடிஸ் நுளம்புகள் எதிர்ப்பை வளர்த்துக்கொண்டிருப்பதால் புகை அடிப்பதன் பலனும் முன்போல் இல்லை.

இடையூறுகள் நகரின் அமைப்பிலேயே உள்ளன. முதலாவது, கொழும்பு தீவன்று. கேமன் தீவில் கடல் செய்த எல்லைக் காவலை இங்கே யாரும் செய்யப் போவதில்லை. தெகிவளைக்கும் வெள்ளவத்தைக்கும் நடுவே ஒரு கால்வாயும், கொழும்புக்கும் கொலன்னாவைக்கும் நடுவே ஒரு தெருவும்தான் எல்லை. ஈடிஸ் தானாகப் பறப்பது சில நூறு மீற்றர்தான் என்றாலும், காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் அதன் முட்டை டயரிலும் பூச்சாடியிலும் ஒட்டிக்கொண்டு லொறியில் ஊர் மாறும். ஒரு வட்டாரத்தில் மட்டும் விட்டால் ஓரங்களிலிருந்து நிரம்பிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, ஈடிஸ் பகலில் கடிப்பது. கம்பகாவிலிருந்தும் களுத்துறையிலிருந்தும் நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் கொழும்புக்கு வந்து போகிறார்கள். கொட்டாஞ்சேனையில் வசிப்பவருக்கு ராஜகிரியவிலுள்ள அலுவலகத்தில் தொற்றலாம். வதிவிடத்தை வைத்து நோயாளரை எண்ணும் வழமையில், இந்த முறையின் வெற்றியும் தோல்வியும் ஒன்றுபோல மறைந்துபோகும்.

மூன்றாவதே மிகக் கடினமானது. நகரில் டெங்கைப் பரப்புவது ஈடிஸ் எஜிப்டி மட்டுமன்று. செடிகொடி உள்ள புறநகர்த் தோட்டங்களில் அதன் உறவான ஈடிஸ் அல்போபிக்டஸும் உண்டு. அதுவும் டெங்கையும் சிக்குன்குனியாவையும் கடத்தும். ஒக்ஸிடெக் வகை ஆண் தன் இனத்துப் பெண்ணுடன் மட்டுமே பயனுறக் கூடும் என்பதால் அல்போபிக்டஸ் அப்படியே இருக்கும். கால்வாயிலும் மலக்குழியிலும் பெருகி இரவில் காதருகே ரீங்காரமிடும் கியூலெக்ஸும் ஒன்றுகூடக் குறையாது. கோடி கோடியாகச் செலவிட்டும் நுளம்பு குறையவில்லையே என்று மக்கள் சொல்லப் போவது இதனால்தான். அவர்கள் சொல்வதிலும் தவறிருக்காது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, விடுவதை நிறுத்தினால் பலனும் நிற்கும் என்பதால், இது ஒரு முறை வாங்கி முடிக்கும் பொருளன்று. வெளிநாட்டு நன்கொடை மூன்று ஆண்டுகளில் முடிந்தபின் நான்காம் ஆண்டின் முட்டைப் பெட்டிகளுக்கு யார் பணம் செலுத்துவார் என்ற கேள்விக்கு எழுத்திலான விடை இல்லாமல் தொடங்குவது வீண். மருந்துக்கே அந்நியச் செலாவணி இல்லாமல் வைத்தியசாலைகள் தடுமாறிய 2022 ஆம் ஆண்டை நாம் கடந்து வந்திருக்கிறோம். தானாக நிலைக்கும் வொல்பாக்கியா முறை, அந்த ஒரு காரணத்தாலேயே, நம்மைப் போன்ற நகரத்துக்கு முதலில் முயலத்தக்கது என்று கருதுகிறேன்.

நுளம்பு அழிந்தால் இயற்கையின் சமநிலை குலையாதா?

ஈடிஸ் எஜிப்டி ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல்களில் உலகெங்கும் பரவிய வந்தேறி. மனிதரின் பாத்திரங்களையும் மனிதரின் இரத்தத்தையும் நம்பி வாழ்வது. அதை மட்டுமே தின்று வாழும் பறவையோ தவளையோ கொழும்பில் இல்லை. அது விட்ட இடத்தை அல்போபிக்டஸ் பிடித்துக்கொள்ளுமா என்பது இதைவிடப் பொருத்தமான கவலை. எல்லா நுளம்பையும் ஒருசேரக் கொல்லும் புகையோடு ஒப்பிட்டால், ஓரினத்தை மட்டும் தொடும் இந்த முறை தும்பிக்கும் தேனீக்கும் தீங்கற்றது.

பிரேசிலில் மாற்றிய மரபணு காட்டு நுளம்புகளுக்குள் கலந்துவிட்டது என்று படித்தோமே?

பஹியா மாநிலத்தின் ஜகோபினா நகரில் 2013 முதல் 2015 வரை ஓ.எக்ஸ்.513ஏ விடப்பட்டது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களை உள்ளடக்கிய குழு 2019 இல் வெளியிட்ட கட்டுரையில், அங்குள்ள நுளம்புகளில் ஒரு பகுதி, விடப்பட்ட வகையின் பரம்பரைக் கூறுகளைக் கொண்டிருந்ததாகக் கூறப்பட்டது. பத்திரிகைகள் அதை அரக்க நுளம்பு பிறந்துவிட்டது என்று எழுதின.

நடந்ததை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆய்வகத்திலேயே இந்த வகையின் குஞ்சுகளில் மூன்று, நான்கு சதவீதம் உயிர்பிழைப்பது முன்னரே தெரிந்திருந்தது. அவை காட்டு நுளம்புகளுடன் கூடியபோது, கியூபா, மெக்சிகோ நுளம்புகளிலிருந்து வந்த அந்த வகையின் சாதாரண பரம்பரைக் கூறுகள் சில கலந்தன. கொல்லும் மரபணு நிலைத்ததாகக் கட்டுரை காட்டவில்லை. கலப்பால் நுளம்பு வலுவடைந்திருக்கலாம் என்ற ஊகத்துக்கும் சான்றில்லை. வெளியிட்ட ஆய்விதழே 2020 இல் அக்கட்டுரைமீது ஆசிரியர் குழுவின் ஐயக் குறிப்பைச் சேர்த்தது. எனினும் "எல்லாம் இறந்துவிடும், ஒன்றும் மிஞ்சாது" என்று தொடக்கத்தில் மக்களிடம் சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு பிழை என்பதையும் அதே சம்பவம் காட்டுகிறது.

நகரத்துக் கழிவுநீரில் டெட்ராசைக்ளின் இருந்தால் குடம்பிகள் பிழைத்துக்கொள்ளாதா?

நல்ல கேள்வி, புளோரிடாவுக்கு அனுமதி கொடுத்த அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகமும் இதைக் கேட்டது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள், வணிகத் தோடைத் தோட்டங்கள், கால்நடைப் பண்ணைகள் ஆகியவற்றிலிருந்து 500 மீற்றருக்குள் விடக்கூடாது என்று நிபந்தனை விதித்தது. ஈடிஸ் பொதுவாகச் சுத்தமான நீரையே நாடும் என்பது ஆறுதல்தான், ஆனால் முழு ஆறுதலன்று. மூடப்படாத மலக்குழிகளிலும் அது பெருகுவதை வேறு நாடுகளில் கண்டிருக்கிறார்கள். நெருக்கமான குடியிருப்புகளும், கோழிக்கூடுகளும், வைத்தியசாலைகளும் அடுத்தடுத்துள்ள வடகொழும்பில் 500 மீற்றர் இடைவெளி விட்டால் விடுவதற்கு மீதியாக எந்த இடம் இருக்கும் என்று வரைபடத்தை விரித்துப் பார்க்க வேண்டும்.

ஜீன் டிரைவ் என்கிறார்களே, அதுவும் இதுவா?

அன்று, இதற்கு எதிரானது என்றே சொல்லலாம். மேலே பார்த்த மரபணு தலைமுறைதோறும் பாதியாகக் குறைந்து மறைவது. ஜீன் டிரைவ் எனப்படும் மரபணு உந்துகையில், டி.என்.ஏ.யை வெட்டும் கிரிஸ்பர் என்ற கருவியின் துணையால், மரபணு தன்னைத் தானே மறு நிறமூர்த்தத்திலும் படியெடுத்து, பாதிப் பிள்ளைகளுக்குப் போக வேண்டியது ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் போகிறது. சிறிதளவு விட்டாலும் பரவிக்கொண்டே போகும். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2018 இல், கூண்டுக்குள் இருந்த மலேரியா நுளம்புக் கூட்டத்தை இவ்வழியால் 7 முதல் 11 தலைமுறைகளுக்குள் முற்றாக வீழ்த்திக் காட்டினார்கள்.

இது எங்கும் திறந்த வெளியில் விடப்படவில்லை. புர்கினா பாசோவின் பானா கிராமத்தில் 2019 ஜூலையில் விடப்பட்ட ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நுளம்புகள் மரபணு மாற்றத்தால் மலடானவை. அவற்றில் உந்துகை இல்லை. அந்தத் திட்டத்தையும் அந்நாட்டு அரசு 2025 ஆகஸ்டில் நிறுத்திவிட்டது. மீளப் பெற முடியாத ஒன்றுக்கும், நிறுத்தினால் மறைந்துவிடும் ஒன்றுக்கும் ஒரே அச்சத்தைக் காட்டுவது பொருத்தமற்றது. இரண்டுக்கும் ஒரே அனுமதிப் பத்திரத்தைக் கொடுப்பதும் அப்படியே.

மலேரியாவுக்கு இலங்கையில் இது தேவைப்படுமா?

இலங்கையில் மலேரியா இல்லை என்று 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அந்த ஆண்டின் இறுதியிலேயே, நகரங்களில் பெருகக்கூடிய அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற மலேரியா நுளம்பு மன்னாரில் கண்டறியப்பட்டு, பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. கிணறும் சீமெந்துத் தொட்டியும் அதற்குப் போதும். இதே நுளம்பு நுழைந்ததால் மலேரியா பெருகிய ஜிபுத்தியில், 2024 மே மாதம் ஒக்ஸிடெக்கின் மரபணு மாற்றப்பட்ட ஸ்டீபன்சி ஆண்கள் விடப்பட்டன. அதன் போக்கைக் கொழும்பை விட வடக்கிலுள்ளவர்களே கூர்ந்து கவனிக்க வேண்டும்.

பயிரைத் தாக்கும் பூச்சிகளுக்கு?

முயன்றிருக்கிறார்கள். கோவாவைத் துளைக்கும் சிறு அந்துப்பூச்சியின் மாற்றிய வகையை 2017 இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தினர் நியூயோர்க் மாநில வயலில் விட்டார்கள். 2018 இன் இறுதியில் அநுராதபுரம், அம்பாறைப் பகுதிகளில் சோளன் சேனைகளைச் சூறையாடிய, நம்மவர் சேனா படைப்புழு என்று சொல்லும் புழுவுக்கும் பிரேசிலில் இதே வழி தேடப்படுகிறது. பல கிலோமீற்றர் பறக்கும் அந்துப்பூச்சிக்கு எதிராகச் சிறு விவசாயி ஒருவர் தன் வயலில் மட்டும் எதையும் விட்டுப் பயனில்லை என்பதால், இது பிரதேச அளவில் அரசு செய்ய வேண்டிய வேலை.

இலங்கையில் யார் அனுமதிக்க வேண்டும்? மக்களிடம் கேட்பார்களா?

உயிரியற் பாதுகாப்புக்கான கார்டஜீனா நெறிமுறையில் இலங்கை 2004 இல் இணைந்தது. மரபணு மாற்றிய உயிரிகளை எல்லை கடத்தி ஒரு நாட்டுக்குள் கொண்டுவருமுன் அபாய மதிப்பீடு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். மரபணு மாற்றப்பட்ட நுளம்புகளைப் பரீட்சிப்பதற்கான உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி 2014 இல் வந்து 2021 இல் புதுப்பிக்கப்பட்டது; ஆய்வகம், அடைத்த களம், திறந்த களம் என்று படிப்படியாகப் போகச் சொல்கிறது அது.

மக்களிடம் கேட்பது வேறு விடயம். புளோரிடாவில் 2016 நவம்பரில் வாக்கெடுப்பு நடந்தபோது, நுளம்பை விடவிருந்த கீ ஹேவன் வாசிகள் வேண்டாம் என்றும், சுற்றியுள்ள மாவட்டத்தின் பெரும்பான்மையோர் சரி என்றும் வாக்களித்தார்கள். சோதனை வேறு தீவுகளுக்கு மாறியது. மலேசியாவில் விட்டபின்னரே அறிந்தோம் என்று அங்குள்ள அமைப்புகள் குறைகூறின.

நமக்கு மிக அருகில் நடந்ததே அதிகம் கற்பிக்கக்கூடியது. உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து புதுடில்லியில் நுளம்புகளை மலடாக்கும் ஆய்வு நிலையம் ஒன்றை நடத்தின. பணம் அமெரிக்காவினது. மரபணு மாற்றப்பட்ட நுளம்பு என்பதே அக்காலத்தில் இல்லை. மஞ்சட் காய்ச்சலைக் கடத்தவல்ல ஈடிஸ் நுளம்பை எதற்காக ஆராய்கிறார்கள், இது உயிரியல் ஆயுத ஆய்வா என்ற ஐயம் பத்திரிகைகளில் எழுந்து, நாடாளுமன்றக் குழு வரை போயிற்று. சோனிபத் நகரில் விடுவதற்கு ஆயத்தமாக இருந்த வேளையில், 1975 இல் எல்லாம் கைவிடப்பட்டது. அறிவியல் பிழையால் அது நின்றதன்று; யாருடைய பணம், யாருக்குத் தரவு, எங்கள் தெருவில் ஏன் என்ற கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை சொல்லாததால் நின்றது.

கொழும்பில் இந்த விளக்கங்கள் சிங்களத்திலும் தமிழிலும் ஒரே நாளில், ஒரே விரிவோடு வர வேண்டும். ஜிந்துப்பிட்டியிலும் கிராண்ட்பாஸிலும் உள்ள தோட்டக் குடியிருப்புகளில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கதவைத் தட்டுவதே தண்டப்பணத்துக்காக என்று எண்ணுவோர் பலர். அதே சீருடையில் நுளம்புப் பெட்டியோடு வந்தால் வரவேற்பு எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அப்படி விட்டால் பீலி துப்புரவு செய்வதை நிறுத்தலாமா?

முடியாது. விடப்படும் ஆண்கள் காட்டு ஆண்களை விடப் பல மடங்கு இருந்தால்தான் இந்த முறை வேலை செய்யும். அடைபட்ட கூரைப் பீலி, மொட்டைமாடியில் மூடியில்லாத தண்ணீர்த் தாங்கி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, பாதியில் நின்ற கட்டடத்தின் தூக்கிக் குழி ஆகியவற்றில் பெருகும் ஒவ்வொரு காட்டு நுளம்பும் அந்த விகிதத்தைக் கெடுக்கும். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டமும் நடைமுறையில் இருக்கும். தொடர்மாடிகளில் பொது இடத்து நீருக்கு முகாமைத்துவக் குழுவே பொறுப்பு என்பதையும் இங்கே நினைவூட்டலாம்.

விட்ட நுளம்பை மின்மட்டையால் அடித்துவிட்டால்?

தாராளமாக அடிக்கலாம். வெறுங்கண்ணுக்கு ஆணையும் பெண்ணையும் பிரித்தறிவதே கடினம். மாற்றிய நுளம்பின் குடம்பியைத் தனிக் கண்ணாடியிட்ட நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால்தான் அடையாளத்துக்காகச் சேர்த்த புரதம் சிவந்து ஒளிர்வது தெரியும். விடும்போதே பெருமளவு ஆண்கள் சில நாட்களில் இறக்கும் என்று கணக்கிட்டே தொகையைத் தீர்மானிக்கிறார்கள். கைக்கு அகப்பட்டது கடிக்கும் பெண்ணாகவும் இருக்கக்கூடும்.